காதலுக்கு ஒரு கன்று: தோட்டப் பிரியருக்கு எந்தப் பூமரம்?

திருமணமான முதல் ஆண்டு, மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு குல்மோகர் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இடுப்பு உயரம், இறகு இறகாய் இலை, தண்டில் நான் கட்டிய சிவப்பு நாடா. தோட்டம் அவளுடையது, மண்வெட்டி பிடிப்பதில் அவளுக்கு இருக்கும் லாகவத்தில் பாதி கூட எனக்குக் கிடையாது. கன்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதை எங்கே வைப்பதாக உத்தேசம்?"

சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே பத்தடி இடம் இருந்தது. அங்கே வைத்தோம். எட்டாம் ஆண்டில் வேர் தொட்டியின் ஓரத்தைத் தூக்கியது. அடுத்த ஆண்டு காற்றில் ஒரு பெருங்கிளை முறிந்து கூரைமேல் விழுந்தது. அதற்கடுத்த ஆண்டு வெட்டினோம். இடையில் மூன்று கோடைகள் பூத்தது, அழகாகத்தான் பூத்தது. மரம் விழுந்த அன்று அவள் யாரோடும் பேசவில்லை.

பூங்கொத்து வாங்குகிறவர் நிறம் பார்த்து வாங்கலாம், அது மூன்று நாளில் வாடிவிடும். மரம் அப்படி இல்லை. நிறம் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கணக்குகள் போட வேண்டியிருக்கிறது. முழுதாய் வளர்ந்தபின் எவ்வளவு இடம் கேட்கும்? முதல் பூவுக்கு எத்தனை ஆண்டு? அந்தப் பூ நாளின் எந்த நேரத்தில் விரியும்? முதலிரண்டையும் நர்சரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், காதல் பரிசுக்கு அதுதான் முதல் கேள்வி. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு நண்பகலில் மட்டும் சுடர்விடும் மரத்தைக் கொடுத்தால், அதை அனுபவிப்பது எதிர்வீட்டுக்காரர்கள்தான்.

பவழமல்லியா, மகிழமா?

வெப்பமான இடத்தில் வசிக்கிறவர்களுக்குப் போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டும் வாசனை மரங்கள், இரண்டும் பூவைத் தானாக உதிர்ப்பவை. குணத்தில் மட்டும் எதிரெதிர்.

பவழமல்லி அந்தியில் விரியும், விடியலில் உதிரும். வெள்ளை இதழ், பவழ நிறக் காம்பு. காலையில் மரத்தடியில் பாய் விரித்தது போலக் கிடக்கும். ஆக, இரவு வீட்டில் இருப்பவருக்கும் அதிகாலையில் எழுபவருக்கும் இது பொருந்தும். எட்டு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறப்பவருக்கு மிதிபட்டு வாடிய பூக்கள்தான் மிஞ்சும். வளர்ச்சி வேகமானது, நல்ல கன்று இரண்டு மூன்று ஆண்டில் பூத்துவிடும். விட்டால் பத்து மீட்டர் வரை போகக்கூடியது என்றாலும், ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்தால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே நிறுத்தி வைக்கலாம். சிறு முற்றத்துக்கு ஏற்றது. குறைகளும் உண்டு. இலை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். வறண்ட மாதங்களில் இலை கொட்டி, பார்க்கப் பரிதாபமாக நிற்கும். பூக்காத காலத்தில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதன் அறிவியல் பெயரிலேயே 'துயர மரம்' என்று பொருள்படும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூரியனைக் காதலித்துக் கைவிடப்பட்ட இளவரசியின் சாம்பலில் முளைத்த மரம் என்றும், அதனால்தான் சூரியன் முகத்தில் விழிக்காமல் பூ உதிர்த்துவிடுகிறது என்றும் ஒரு கதை. காதல் பரிசுக்கு இது அபசகுனம் என்று நினைப்பவர்கள் இன்னொரு கதையை நினைத்துக்கொள்ளலாம். கண்ணன் தேவலோகத்திலிருந்து பாரிஜாதத்தை, அதாவது இதே பவழமல்லியை, கொண்டுவந்து சத்தியபாமா வீட்டு முற்றத்தில் நட்டானாம். பூக்கள் உதிர்ந்ததோ ருக்மிணி வீட்டுப் பக்கம். மனைவிக்குப் பூமரம் பரிசளித்தவர்களில் அவனே முன்னோடி. நட்ட இடத்தில் கோட்டை விட்டதிலும் அவன்தான் முன்னோடி. கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, பூ எங்கே விழும் என்று பார்த்து நடுவது இன்றைக்கும் நல்ல யோசனை.

மகிழம் இதற்கு நேர்மாறு. ஆண்டு முழுவதும் பச்சை, அடர்ந்த நிழல், பளபளப்பான இலை. பூக்காவிட்டாலும் தோட்டத்துக்கு அது ஒரு தூண். பூ மிகச் சிறியது, நட்சத்திரம் போல. இலைக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணுக்கு முன் மூக்குதான் கண்டுபிடிக்கும். பவழமல்லி பறித்த சில மணி நேரத்தில் துவண்டுவிடும். மகிழம்பூவோ காய்ந்து பழுப்பானபின்னும் மணக்கும். ஒரு கைப்பிடியைத் துணிகளுக்கு நடுவே போட்டு வைத்தால் நெடுநாள் வாசனை நிற்கும். பழைய காதல் கடிதங்களை வைக்கும் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியாது.

ஆனால் பொறுமை வேண்டும், நிறைய வேண்டும். மகிழம் அவசரப்படாத மரம். விதைக்கன்று முதல் பூவைக் காட்டப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். புதிதாய்ப் பழகும் இருவருக்கு அதைக் கொடுப்பது கொஞ்சம் துணிச்சல்தான். பத்தாவது திருமண நாளுக்கு, இருபதாவதுக்கு அதைவிட நல்லது இல்லை. தாம் மணந்த சங்கிலியாரிடம் 'பிரியேன்' என்று நாயன்மாரான சுந்தரர் சத்தியம் செய்ததும் மகிழமரத்தின் கீழ்தான். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றவில்லை, கண் பார்வையும் போயிற்று, மரத்தின்மேல் தவறில்லை.

என் தீர்ப்பு: உறவு இளமையாக இருந்தால் பவழமல்லி; முதிர்ந்திருந்தால் மகிழம். இடமிருந்தால் இரண்டும்.

செண்பகத்தில் ஓர் எச்சரிக்கை

வாசனை ஒன்றுதான் வேண்டும் என்றால் செண்பகத்தோடு போட்டி போட எதுவும் இல்லை. ஒரே பூ ஓர் அறையை நிறைத்துவிடும். இதில் எந்த மரம் என்பதைவிட எந்தக் கன்று என்பதுதான் கேள்வி. விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அது மாடிக்கு மேலே போயிருக்கும், பூவைப் பறிக்க ஏணி போதாது. முழு வளர்ச்சியில் முப்பது மீட்டரைத் தாண்டக்கூடிய மரம் இது. ஒட்டுக்கன்று என்றால் இரண்டு மூன்று ஆண்டில், கை எட்டும் உயரத்தில் பூக்கும். கன்றின் அடித்தண்டில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தழும்பு இல்லை என்றால் விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது பெரும்பாலும் விதைக்கன்றுதான். வெண்செண்பகத்தில் இந்தக் குழப்பம் குறைவு. அது விதை பிடிப்பது அரிது என்பதால் ஒட்டாகவோ பதியமாகவோதான் பெரும்பாலும் வரும்.

தண்ணீர் தேங்கும் மண்ணில் செண்பகம் நிற்காது. தோட்டக்காரருக்கு இது தெரியும், கொடுப்பவருக்குத்தான் தெரியாது.

இலைக்காக ஒரு மரம்

மந்தாரையைப் பூவுக்காக வாங்குகிறவர்களே அதிகம். ஆர்க்கிட் போன்ற பூ, ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பல நிறம், விதைக்கன்றே சில ஆண்டில் பூத்துவிடும் சுறுசுறுப்பு: குறை சொல்ல ஒன்றுமில்லை. காதல் பரிசாக நான் அதைப் பரிந்துரைப்பது இலைக்காக. ஒவ்வோர் இலையும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும், அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இரவானால் இரு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்துகொள்ளும். இந்த இலையைப் பார்த்துத்தான் பௌஹின் என்ற இரு சகோதரத் தாவரவியலாளர்களின் பெயர் (பௌஹினியா) இந்த இனத்துக்குப் பொருத்தமாய் அமைந்தது என்று லின்னேயஸ் கருதினார். சகோதரர்களுக்கு அவர் கொடுத்த உவமையைத் தம்பதிகளுக்கு மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை.

இடம் குறைவானவர்கள் வெள்ளை மந்தாரையைப் பார்க்கலாம். இரண்டு மூன்று மீட்டரோடு நின்றுகொள்ளும், பெரிய தொட்டியிலும் வளரும். ஹாங்காங்கின் கொடியில் இருக்கும் மந்தாரையோ இன்னொரு விசித்திரம். அது விதை தராத கலப்பினம். உலகில் இருக்கும் ஒவ்வொரு கன்றும் போத்தாகவோ (வெட்டி ஊன்றும் கிளை) ஒட்டாகவோ ஒரு மனிதக் கையிலிருந்து இன்னொரு மனிதக் கைக்கு வந்ததுதான்.

சொந்த மரத்திலிருந்து ஒரு கிளை

காசு செலவழிக்காமல் கொடுக்கக்கூடியது, ஆனால் காசு கொடுத்தாலும் கிடைக்காதது, ஈழத்தலரி. பெருங்கள்ளி என்றும் சொல்வார்கள். முழங்கை நீளக் கிளை ஒன்றை வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் உலரும்படி ஒன்றிரண்டு வாரம் நிழலில் போட்டு வைத்து, பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். உலர வைக்காமல் நட்டால் அழுகும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஓரிரு ஆண்டில் பூக்கும். போத்திலிருந்து வருவது தாய்மரத்தின் அச்சு அசல் நகல். நீங்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்த இடத்தில் ஓர் ஈழத்தலரி நின்றிருந்தால், அனுமதி கேட்டு அதன் கிளை ஒன்றைக் கொண்டுவர முடியும். அதே மரம், அதே பூ, அதே வாசனை, உங்கள் வாசலில். எந்த நர்சரியாலும் இதைத் தர இயலாது.

தொட்டியில் வளரும் என்பதால் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும். வீடு மாறும்போது கூடவே வரும். வாசனை இரவில் கூடும். அதற்குக் காரணம் ஒரு மோசடி: இந்தப் பூவில் தேன் கிடையாது. இருட்டில் வாசனையை மட்டும் காட்டி அந்துப்பூச்சிகளை வரவழைத்து, ஒன்றும் கொடுக்காமல் மகரந்த வேலையை முடித்துக்கொள்கிறது. பரிசளிக்கும்போது இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் துணையின் நகைச்சுவை உணர்வைப் பொறுத்தது. பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெரிய இடம் இருந்தால்

தோப்பு, பெரிய மனை, சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நடும் வசதி இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. கொன்றையும் குல்மோகரும் கண்ணைப் பறிக்கும் மரங்கள். வாசனைக்காக இவற்றை வாங்க வேண்டாம். குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து உலகம் முழுக்கப் போனது. குடை போல விரியும், உயரத்தைவிட அகலத்தில் ஆசை அதிகம், வேர் மேலோட்டமாக ஓடும், மரம் நொய்மையானது. அதன் அடியில் வேறு செடிகள் வளர்வது கடினம். தோட்டக்காரருக்கு இது சின்ன இழப்பில்லை. என் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

கொன்றை அதைவிட அடக்கமானது. இலை உதிர்த்துவிட்டுச் சரம் சரமாய்ப் பொன் தொங்கவிடும். பின்னர் கருத்த நீண்ட காய்கள் மாதக்கணக்கில் தொங்கும், சிலருக்கு அது பிடிப்பதில்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் கொன்றையின் பக்கம். பழந்தமிழ்க் காதலில் அதற்கொரு வேலை இருந்தது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது, தலைவி துவள்கிறாள். தோழி சமாளிக்கிறாள்: 'இது கார் இல்லை, ஏதோ வழிதவறிய மழையை நம்பி இந்த மடமரம் பூத்துவிட்டது.' ஒரு மரத்தைப் பரிசளிப்பவர் அது பூக்கும் பருவத்தில் வீட்டில் இருக்கக் கடமைப்பட்டவர் என்று அந்தத் தோழியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அடிக்கடி வெளியூர் போகிறவர் தாம் திரும்பும் மாதத்தில் பூக்கும் மரமாகத் தேடலாம்.

பனி விழும் இடங்களில்

இங்கே கணக்கு முழுவதும் மாறுகிறது. செர்ரி மரத்துக்குக் குளிர்காலம் கட்டாயம் வேண்டும், வெப்பத்தில் நட்டால் இலை மட்டும் விடும். பவழமல்லியோ உறைபனியில் செத்துவிடும். செர்ரியா, மக்னோலியாவா என்பது அங்கே நெடுநாள் வழக்கு. செர்ரி பூத்தால் ஊரே நிற்கும், ஆனால் ஒன்றிரண்டு வாரம்தான். மழையும் காற்றும் சேர்ந்தால் அதுவும் இல்லை. மக்னோலியாவின் பூ பெரியது, கோப்பை போல நிமிர்ந்து நிற்பது. தேனீக்கள் தோன்றுவதற்கு முன்பே வண்டுகளை நம்பிப் பூத்த பழங்குடும்பம் அது; நம் செண்பகமும் அதே இனம்தான். அதன் பகை, வசந்தத்தில் தாமதமாக வரும் உறைபனி. ஒரே இரவில் பூவெல்லாம் பழுப்பாகிவிடும். சிறு தோட்டத்துக்கு நட்சத்திர மக்னோலியா போதும்: குட்டை, இளவயதிலேயே பூக்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஆபத்து உண்டு; கேம்ப்பெல் மக்னோலியா விதைக்கன்று பூக்க இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம்.

அதைவிடக் காதல் கதை ஒன்று கைக்குட்டை மரத்துக்கு இருக்கிறது. கிளையெல்லாம் வெள்ளைக் கைக்குட்டை கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். அதன் விதையைத் தேடி 1899-இல் எர்னஸ்ட் வில்சன் என்ற இளைஞரைச் சீனாவுக்கு அனுப்பியது ஓர் ஆங்கிலேய நாற்றுப்பண்ணை. முன்பு அந்த மரத்தைப் பார்த்திருந்தவர் குறித்துக் கொடுத்த இடத்தைப் பெரும்பாடுபட்டு அடைந்தபோது, மரத்தை வெட்டி வீடு கட்டியிருந்தார்கள். அவர் திரும்பிவிடவில்லை, தேடி வேறு மரங்களைக் கண்டுபிடித்தார். இதைச் சொல்லிக் கொடுத்தால் பரிசுக்கு எடை கூடும். சாதாரணக் கன்று பூக்கப் பத்து முதல் இருபது ஆண்டு ஆகும் என்பதால் 'சோனோமா' என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது சில ஆண்டிலேயே பூக்கும்.

இதய வடிவ இலை கொண்ட செர்சிஸ் மரமும் கண்ணில் படும். இலை வருமுன் தண்டிலும் கிளையிலும் நேரடியாக இளஞ்சிவப்பு மொட்டு அப்பிக்கொண்டு வெடிக்கும். எல்லாம் சரி, அதில் ஒரு வகைக்கு மேலை நாடுகளில் 'யூதாஸ் மரம்' என்று பெயர். கூட நின்றவனே காட்டிக்கொடுத்த கதை. அட்டையில் பெயர் எழுதிக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் அறிவியல் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேண்டவே வேண்டாம்

நாகலிங்கத்தின் பூ வியப்புதான். ஆனால் அது முப்பது மீட்டர் மரம், தலையளவுக் காய் மேலிருந்து விழும், உடைந்தால் நாறும். தங்க அரளியும், குளிர்நாடுகளில் மஞ்சளாய்ப் பூக்கும் லேபர்னமும் நஞ்சு. சிறு குழந்தைகளோ நாய் பூனையோ உள்ள வீட்டுக்கு ஆகாது. ஆப்பிரிக்கத் துலிப் மரம் உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. விவரம் தெரிந்த தோட்டக்காரரிடம் அதை நீட்டினால், பூவைவிட முகம் சிவக்கும்.

எப்படிக் கொடுப்பது

மரம் எதுவானாலும் கன்றைப் பையிலிருந்து லேசாய் நழுவவிட்டு வேரைப் பாருங்கள். பைக்குள் வட்டமாய்ச் சுற்றி இறுகிய வேர் இருந்தால் எவ்வளவு உயரக் கன்றானாலும் விட்டுவிடுங்கள். முழங்கால் உயரத்தில் நல்ல வேருள்ளது அதை நாலாண்டில் முந்தும். பரிசு மரங்களில் உலகப் புகழ்பெற்றவை வாஷிங்டனின் செர்ரி மரங்கள். 1910-இல் ஜப்பானிலிருந்து முதலில் வந்த 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் அத்தனையும் எரிக்கப்பட்டன. டோக்கியோ மனம் தளராமல் 1912-இல் 3,020 மரங்களை மறுபடி அனுப்பியது. இன்றைய பூக்காட்சி அதிலிருந்து தொடங்கியது. 1915-இல் பதிலுக்கு அமெரிக்கா டாக்வுட் மரங்களை அனுப்பி வைத்தது. இரண்டு அரசாங்கங்களுக்கே முதல் பரிசு தவறிப்போகிறது என்பதில் எனக்குத் தனிப்பட்ட ஆறுதல் உண்டு. வேறு நாட்டில் இருப்பவருக்கு மண்ணோடு கன்று அனுப்பலாம் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். அவர் இருக்கும் ஊரின் நர்சரியில் முன்பதிவு செய்வதே வழி.

அடுத்தது, கேட்காமல் கொடுப்பது. தோட்டம் வளர்ப்பவர் மனத்தில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு திட்டம் இருக்கும். அதில் மரத்தை இறக்குவது, சொல்லாமல் ஒருவரை வீட்டோடு தங்க அழைத்து வருவது போன்றது. கேட்டுவிட்டால் வியப்புப் போய்விடுமே என்பார்கள். நான் இரண்டாம் முறை ஒரு வேலை செய்தேன். கன்று வாங்கவில்லை. பவழமல்லி முழுதாய் வளர்ந்தால் எவ்வளவு பரவுமோ அந்த அளவுக்கு ஒரு கயிறும், மகிழத்துக்கு இன்னொரு கயிறும் வெட்டி, இரண்டிலும் மரத்தின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி அவள் தலையணை அருகே வைத்தேன். காலையில் அவள் கயிற்றைத் தரையில் வட்டமாய்ப் போட்டு, நகர்த்தி, மறுபடி நகர்த்தி, அரை நாள் தோட்டத்தையே சுற்றினாள். இடத்தை அவள் முடிவு செய்தாள். குழி தோண்டியது நான். இரண்டடி ஆழம், இரண்டடி அகலம், மட்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி ஒரு வாரம் ஆறவிட்டோம். கன்றின் விலையைவிட அந்தக் குழிதான் அவளுக்குப் பெரிதாய்த் தெரிந்தது என்பதைப் பிறகு சொன்னாள்.

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பவழமல்லி மூன்றாம் ஆண்டே பூத்துவிட்டது. மகிழத்துக்கு இப்போது ஆறு வயது, இன்னும் ஒரு மொட்டு இல்லை. எப்போது பூக்கும் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்; அவள் முதலிலிருந்தே கேட்டதில்லை.